மாமா செஞ்ச கம்ப்யூட்டர்

“என் கம்ப்யூட்டரைத் தர முடியாது அத்தை.”

மருமகள் இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்வாள் என்று மாமியார் எதிர்பார்க்கவில்லை.

மணி எட்டே முக்கால். பதினோரு மணிக்கு மகளுக்கு ஆன்லைனில் தேர்வு. டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கும் வேலை. எட்டு மாதம் அலைந்து இப்போதுதான் ஒரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதற்காக மாமனார் ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, மூன்று நாள் உட்கார்ந்து, தன் கையாலேயே மகளின் அறையில் ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து மாட்டியிருந்தார். பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி சுற்றுகிறது. கீபோர்டில் விளக்கு எரிகிறது. மானிட்டரில் மட்டும் ஒரே இருட்டு.

மாமனார் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். போன வருஷம் வலது கை நடுங்க ஆரம்பித்ததும் கம்பெனியில், “போதும், வீட்ல ரெஸ்ட் எடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. மகளுக்கு வேலை என்றதும்தான் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

“ரெண்டு மணி நேரம்தானே அண்ணி? மாடிக்கு வந்து எழுதிட்டுப் போயிடறேனே” என்றாள் நாத்தனார்.

“இல்லம்மா. சாயங்காலத்துக்குள்ள ஒரு வீட்டு பிளான் வரைஞ்சு அனுப்பணும்.”

சொல்லிவிட்டு மருமகள் அந்தப் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் தரையில் மண்டியிட்டாள். ஒயர்களைத் தொட்டுப் பார்த்தாள்.

“மாமா, இந்த பிராசஸர் வந்த அட்டைப்பெட்டி எங்கே?”

அவர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பிறகு எழுந்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க.”

“நான் கூட இருக்கேன்மா. எந்த ஸ்க்ரூ எங்கேன்னு எனக்குத்தான் தெரியும்.”

“நீங்களும்தான் மாமா.”

கதவு சாத்தப்பட்டது.

“பெரிய இன்ஜினீயர்! வீட்டு மனுஷனை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தறா பாரு” என்று மாமியார் பொருமினாள்.

மாமனார் கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார். “நான்தான் எதையோ கெடுத்துட்டேன். கை நடுங்கிச்சு. உள்ளே பின் எதையாவது வளைச்சுட்டேனோ என்னவோ.”

“அதெல்லாம் இருக்காதுப்பா” என்றாள் மகள், நகத்தைக் கடித்தபடி. கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

ஒன்பதேகாலுக்குக் கதவு திறந்தது. மருமகள் யாரையும் பார்க்காமல் மாடியேறினாள்.

“இருக்கிற அவசரத்துல இவ எங்கே போறா?”

கால் மணி கழித்து ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மறுபடியும் கதவு சாத்தப்பட்டது.

“பையில என்ன, நொறுக்குத் தீனியா?” என்றாள் மாமியார்.

பத்து. பத்தேகால். பத்தரை. மாமனார் நடப்பதை நிறுத்திவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்.

பத்து ஐம்பதுக்குக் கதவு திறந்தது.

“வா, உக்காரு. சாஃப்ட்வேர் எல்லாம் ஏத்தியாச்சு.”

மானிட்டர் பளிச்சென்று இருந்தது. நாத்தனார் ஓடிப்போய் உட்கார்ந்தாள்.

“என்னம்மா கோளாறு?” மாமனார் கதவருகிலேயே நின்று கேட்டார்.

“ஒரு ஒயர் சரியா உக்காரலை மாமா. மத்தபடி நீங்க மாட்டினது அத்தனையும் கரெக்ட்.”

அவர் தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ஒரு ஒயருக்கு ரெண்டு மணி நேரமா?” மாமியார் விடவில்லை. “இதுக்கா அவரை வாசல்ல நிக்க வெச்சே?”

மருமகள் துணிப்பையை மடித்துக்கொண்டு மாடியேறிவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்த மகனிடம் அம்மா எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் தட்டைத் தொடாமலேயே தடதடவென்று மாடிக்குப் போனான்.

“என் தங்கச்சிக்கு ரெண்டு மணி நேரம் கம்ப்யூட்டரைக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?”

கேட்டுவிட்டுத்தான் கவனித்தான். அவள் தரையில் பெரிய தாளை விரித்து, ஸ்கேலும் பென்சிலுமாக வீட்டு பிளானைக் கையால் வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடி கழற்றிக் கிடந்தது.

“இதுக்கு என்னாச்சு?”

“இதோட கிராபிக்ஸ் கார்டு கீழே இருக்கு. மாமா வாங்கின பிராசஸர்ல படம் காட்டுற வசதியே கிடையாதுங்க. தனியா ஒரு கார்டு மாட்டினாத்தான் ஸ்கிரீன்ல ஏதாவது தெரியும். பெட்டியில பொடி எழுத்துல போட்டிருக்கு. அவர் கவனிக்கலை.”

அவன் குனிந்து, கார்டு இருந்த காலி இடத்தைப் பார்த்தான்.

“அப்பாகிட்ட சொல்லியிருந்தா அவரே போய் ஒண்ணு வாங்கிட்டு வந்திருப்பாரே?”

“வந்திருப்பார். ஆனா அதோட ஸ்க்ரூடிரைவரைக் கீழே வெச்சிருப்பார்.”

“என்னைக்காவது திறந்து பார்த்தா தெரிஞ்சுடுமே?”

ஜன்னல் வழியாக, தெருவிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. “எதிர்வீட்டுக்காரரே! உங்க டேபிள் ஃபேன் இன்னும் ஓடாமத்தான் கிடக்கா? எடுத்துட்டு வாங்க, என்னன்னு பார்த்துடலாம்.”

அவள் ஸ்கேலை நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னாள்:

“தெரியட்டுங்க. அதுக்குள்ள இந்தத் தெருவுல பாதி ஃபேனை ஓட வெச்சிருப்பார்.”