அத்தர் பஞ்சு

ஆம்பூரில் ரயில் ஏறி, மூட்டையைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு ஜெயம்மாள் நிமிர்ந்தபோது, அவள் பக்கத்தில் புர்கா அணிந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அதே பலகையில் சற்றுமுன் இருந்த பெண்கள் இருவரும் எழுந்துபோய், ஏற்கெனவே நெரிசலாயிருந்த எதிர்ப்பலகையில் ஒடுங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த அத்தனை பேரும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.

ஜெயம்மாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஆம்பூரை விட்டு ரயில் நகர்ந்தது. பெண்கள் பெட்டியில் வேறு இடம் இல்லை. புர்கா அம்மாளின் மடியில் துணியால் மூடிய கூடை ஒன்று இருந்தது. அவள் உடையிலிருந்து அத்தர் மணம் வந்தது. கூடையில் கறியோ கருவாடோ இருக்கவேண்டும், அதை மறைக்கத்தான் அத்தர் என்று ஜெயம்மாள் தீர்மானித்தாள். நாலு பேர் செய்வதைச் செய்வதுதானே மரியாதை? அவளும் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு முன், கெட்ட வாடை ஏதும் வருகிறதா என்று அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போயும் போயும் இன்றைக்கா இப்படி வாய்க்கவேண்டும்? வேலூர் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரத் துரைசானி நேரில் பார்த்து, நர்ஸ் படிப்புக்குப் பெண்களைத் தெரிந்தெடுக்கும் நாள் அது. கிடைக்காவிட்டால் மறுநாளே அம்மாவோடு தோல் பதனிடும் கிடங்குக்கு ஆவாரம்பட்டை இடிக்கப் போகவேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருந்த ஒரே நல்ல சேலையைச் சவுக்காரம் போட்டுத் திரும்பத் திரும்பத் துவைத்து, வீட்டுக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே கட்டிய கொடியில் உலர்த்தி உடுத்தி வந்திருந்தாள். அந்தச் சேலையில் பக்கத்து வாடை ஏறிவிடப் போகிறதே என்பதுதான் இப்போது அவள் கவலை.

எங்கே போகிறாய் என்று அந்த அம்மாள் கேட்டாள். ஜெயம்மாள் முகம் திருப்பாமலே பதில் சொன்னாள். பேச்சு வளர்ந்தபோது, துரைசானியின் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாயிருப்பதையும் எப்படியோ சொல்லிவிட்டாள்.

"இதுல பயப்பட இன்னா இருக்குது? நாந்தான் துரைசானின்னு நெனச்சுக்கோ. கேக்கறேன், சொல்லு. நர்ஸுக்கு மொதல்ல வேண்டியது இன்னா?"

"சுத்தம்," என்றாள் ஜெயம்மாள், தலைப்புக்கு உள்ளிருந்து.

"காதுல விழல. துணிய எடுத்துட்டு சொல்லு."

எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"மடியப் பாத்துப் பேசாதே. துரைசானி உன் மடியிலயா உக்காந்திருக்காங்க?"

ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரல் நடுங்காமல் வரும்வரை அந்த அம்மாள் விடவில்லை. கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டாள். நடுவில் தன் தங்கையைப் பற்றியும் சொன்னாள். கால் புரையோடி அதே ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். பெற்ற பிள்ளைகளே வாசற்படியோடு நின்றுவிட்டார்களாம்.

"ஒரு நர்ஸ் பொண்ணு மட்டும் மொகம் சுளிக்காம பக்கத்துல உக்காந்து கட்டு மாத்துனா. அவ கைராசியிலதான் தங்கச்சி இன்னிக்கு நடமாடறா. உனக்கும் அந்தக் கை இருக்குது. தைரியமா போ."

குடியாத்தம் வந்தது. அந்த அம்மாள் எழுந்தபோது கூடையின் துணி விலகியது. உள்ளே இருந்தவை மாதுளம்பழங்கள். அப்படியானால் வாடை கூடையுடையது அல்ல, ஆளுடையதுதான் என்று ஜெயம்மாள் தன் தீர்மானத்தைத் திருத்திக்கொண்டாள்.

இறங்குமுன் அந்த அம்மாள் ஒரு சிறு தகர டப்பாவைத் திறந்து, அத்தரில் ஊறிய பஞ்சுத் துண்டு ஒன்றை ஜெயம்மாளின் விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்தினாள்.

"பெரிய எடத்துக்குப் போறே. உள்ள போறதுக்கு முன்னே சேலையில நல்லா தடவிக்கோ. மறந்துடாதே, இன்னா?"

ரயில் கிளம்பியது. எதிரே இருந்தவர்கள் பார்க்கும்படியாக, ஜெயம்மாள் பஞ்சை இரண்டு விரலால் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"ஒரு வழியா எறங்கிட்டாங்க. இனிமே இங்க வந்து தாராளமா உக்காருங்க," என்று அவர்களைச் சிரித்தபடி அழைத்தாள்.

ஒருவரும் அசையவில்லை. ஒருவரும் மூக்கிலிருந்து தலைப்பை எடுக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில், ஜன்னல் பக்கமாக இருந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இருக்கட்டும்மா. நீ தோல் கிடங்குப் பக்கத்துப் பொண்ணா?"

"ஆமாங்க. எங்க வீடு கிடங்க ஒட்டுனாப்பல. ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த அம்மா ஜோலார்பேட்டையிலருந்து இங்க, என் பக்கத்துல, ஜன்னலோரமாத்தான் வந்தாங்க. நீ வந்து உக்காந்து குனிஞ்சதும், உன் பக்கத்துல இருந்தவங்க எழுந்து இந்தப் பக்கம் ஓடியாந்துட்டாங்க. அந்த அம்மா மட்டும் இருந்த எடத்த விட்டுட்டு, அங்க வந்து உன் பக்கத்துல உக்காந்தாங்க."

இதைச் சொன்னபோதும் அவள் மூக்கைப் பொத்தியே இருந்தாள்.

ஜெயம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். குடியாத்தம் கண்ணுக்கு மறைந்துவிட்டிருந்தது. அடுத்து இறங்க வேண்டியது காட்பாடி.

அவள் தன் சேலைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மறுபடியும், ஆழமாக, முகர்ந்து பார்த்தாள். எந்த வாடையும் தெரியவில்லை. பஞ்சை எறிந்த இரண்டு விரல்கள் மட்டும் அத்தராய் மணத்தன.