மருந்து அடிக்காத தோட்டம்

மருந்து டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு பூண்டுத் தோட்டத்துக்குள் இறங்கப்போன ஞானவேலை வடிவு மறித்தாள். கழுத்தில் யுனிவர்சிட்டி அடையாள அட்டை தொங்கியது.

“இந்த வெள்ளாமைக்கு மருந்து வேண்டாம். என் புராஜெக்ட்டுக்கு நம்ம தோட்டத்தத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.”

“படிக்கப் போனா படிக்கிற சோலிய மட்டும் பாரு. இலை கருகிப் பூண்டெல்லாம் வீணாப் போச்சுன்னா?”

“கொஞ்சம் போகும்தான். ஆனா நாம அடிக்கிறதெல்லாம் ஓடையில எறங்குது. கீழ ஒரு ஊரே அதத்தான் குடிக்குது. இந்த மலையோட மண்ணையும் தண்ணியையும் காப்பாத்துறதுதான் இனி என் வாழ்க்கைன்னு முடிவு பண்ணிட்டேன்.”

“இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா? தையில கல்யாணத்த வச்சிக்கிட்டு வெளையாடுறியா?”

“வெளைச்சல் கொறஞ்சா கல்யாணத்த ஒரு வருசம் தள்ளி வச்சிக்கிடலாம்.”

“நிச்சயம் பண்ணிட்டுத் தள்ளி வைக்கிறதா? பொண்ணு வீட்டுல என்னம்மா நெனைப்பாங்க?”

“பொண்ணுகிட்டயே கேட்டுட்டேன்டா.”

ஞானவேல் டேங்க்கைக் கீழே இறக்கினான். “தமிழ்மதிகிட்டயா? அவகிட்ட எதுக்கும்மா போய்ச் சொன்ன?”

“சொல்லாம எப்படிடா? என் கிளாசுல நானே மருமகளாப் பாத்துப் புடிச்ச பொண்ணு. புராஜெக்ட்டும் நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் பண்றோம்.”

“அவ என்ன சொன்னா?”

“நீ மருந்து அடிச்சா கல்யாணத்தத் தள்ளி வைக்க வேண்டாமாம்.”

“பின்ன?”

“நிப்பாட்டிரச் சொல்லிட்டா.”