பிரசவ வார்டுக்கு வழி

அரசு மருத்துவமனையின் முன்கூடத்தில், தான் வடிவமைத்த தொடுதிரை வழிகாட்டியைப் பார்த்தபடி பூங்கோதை சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். முதல் நாள். ஒரு மணி நேரமாக ஒருவரும் அதைத் தொடவில்லை.

வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த ஒருவர் திரைமுன் நின்றார். “படிக்கத் தெரியாதே எனக்கு,” என்று முனகியவர், தொட்டில் படத்தைக் கண்டதும் விரலை வைத்தார்.

“நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க. பிரசவ வார்டு வந்துரும்,” என்றது பூங்கோதை பதிவுசெய்திருந்த குரல்.

“சரிம்மா!” என்று திரைக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் ஓடினார். பூங்கோதைக்குக் கைதட்டத் தோன்றியது.

அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். திரையிடம் குனிந்து, “பொண்ணு பொறந்திருக்கும்மா!” என்றார்.

அதற்கான பதிலை அவள் பதிவுசெய்திருக்கவில்லை. “அந்தக் குரல் என்னோடதுதாண்ணே!” என்று கத்திக்கொண்டே அவரிடம் ஓடினாள்.