கால் சைன் சொல்லாத குரல்

"எதிர்ல அவரு வந்தா ஒரு வார்த்தை பேசுவியாடி?" என்று அம்மா ஒருமுறை போனில் கேட்டாள். கிளாரா போனை வைத்துவிட்டாள்.

இப்போது துணை விமானி இருக்கையில் அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தாள். திருவனந்தபுரம் போகும் விமானம் திண்டுக்கல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பத்து நாலாயிரம் அடி கீழே, அவள் பிறந்த ஊரான எரியோட்டை மேகம் மூடியிருந்தது. மூன்று வருடமாக ஊருக்கு மேலே பறப்பதோடு சரி. ஊருக்குள் போவதில்லை.

இரண்டாவது ரேடியோ கரகரத்தது. வழியில் இருக்கும் காற்றையும் மழையையும் விமானிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அலைவரிசை அது. பேசுகிறவர் முதலில் தன் விமானத்தின் பெயரை, அதாவது கால் சைனைச் சொல்ல வேண்டும். இந்தக் குரல் மட்டும் சொல்வதில்லை.

"சிறுமலைக்கு மேலே குலுக்கல் இருக்கிறது. எரியோட்டில் மழை," என்றது ஆங்கிலத்தில்.

கேப்டன் பீர் முகமது திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். சிரித்துவிட்டார். "எரியோட்டுல மழை பேஞ்சா நமக்கென்னம்மா? மேலருந்து வெதைக்கவா போறோம்? வெள்ளிக்கிழமையானா வந்துர்றான். நான் மைக்கைப் புடிச்சா வாயத் தொறக்க மாட்டான். நீ புடிச்சாத்தான் அம்புட்டு அறிக்கையும் வருது."

கிளாரா தங்கள் கால் சைனைச் சொல்லி, "தகவலுக்கு நன்றி," என்றாள் ஆங்கிலத்தில்.

ரேடியோ மறுபடி கரகரத்தது. பிறகு அதே குரல், தமிழில், தயங்கித் தயங்கி வந்தது.

"சாப்டியா?"

கேப்டனின் சிரிப்பு நின்றுவிட்டது. "பொம்பளப் புள்ள கொரலு கேட்டா போதும், வழிய வேண்டியது. அவன் கால் சைனைக் கேளு. எறங்குனதும் புகார் எழுதிர்றேன். அப்புறம் எப்படி ஓட்டுறான்னு பாப்போம்."

"விடுங்க சார்."

"நீ கேக்கலேன்னா நான் கேக்குறேன்."

கேட்டால் அந்தக் குரல் சொல்லிவிடும். பொய் சொல்லத் தெரியாத குரல். கேப்டனின் விரல் பொத்தானைத் தொடுவதற்குள் கிளாரா தன் பொத்தானை அழுத்தினாள்.

"இந்த அலைவரிசை சொந்தப் பேச்சுக்கு அல்ல. தயவுசெய்து விலகுங்கள்," என்றாள் ஆங்கிலத்தில். ஒவ்வொரு சொல்லையும் நடுங்காமல் சொல்லி முடித்தாள்.

எதிரே, ஆயிரம் அடி தாழ்வாக ஒரு விமானம் வெயிலில் மின்னியபடி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போனது. ஜன்னல் கண்ணாடி முடிகிற இடம்வரை கழுத்தைத் திருப்பி அவள் அதையே பார்த்தாள்.

"பேரைக் கேக்கச் சொன்னா வெரட்டி விட்டுட்டியேம்மா," என்றார் கேப்டன். "யாரு அவன்? தெரிஞ்ச ஆளா?"

"எங்கப்பா, சார். எங் கல்யாணத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் எங்கிட்ட பேசுனாரு."