பழுப்பு டேப்

பட்டென்று மறுபடியும் பியூஸ் போனது.

"என்னடா?" வேனுக்கு வெளியே இருந்து அக்கா கத்தினாள்.

"போச்சு."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

அக்காவுக்கு மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை கிடைத்திருந்தது. பண்ணை பண்ணையாகப் போக வேண்டும், வேனிலேயே படுக்க வேண்டும். பிரிட்ஜ் ஓடாத வண்டிக்கு மருந்து தரமாட்டார்கள். மதியத்துக்குள் போய் நிற்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

வேனுக்கு வயரிங் செய்தது நான். நேற்று வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது.

வாசல்படியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிப்பாவது! வந்து உட்கார்ந்ததிலிருந்து அதே பக்கம்.

"பள்ளிக்கூடத்தையும் பாதியில விட்டான், இப்ப வயரிங்கும் பாதியில நிக்குது. நல்லதாப் போச்சு. பாத்ரூம் லைட்டு எரியலைன்னா இவளுக்குத் தூக்கம் வராது. ஆளில்லாத இடத்துல வண்டியில படுக்கப் போறாளாம்!"

"நான் போகத்தான்பா போறேன்," என்றாள் அக்கா. பிறகு என்னிடம் குனிந்து, "டேய், பியூஸுக்குப் பதிலா ஒரு கம்பியைச் சுத்தி விட்டுடு. போய்ச் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்."

"சுத்தலாம். வயர் கொதிச்சு மெத்தை பத்திக்கும். மேல நீ படுத்திருப்ப. பரவாயில்லையா?"

அவள் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

பிரிட்ஜைக் கழற்றிப் பார்த்தாயிற்று. அப்போதும் பியூஸ் போகிறது. அப்படியென்றால் எங்கேயோ ஒரு வயர் வேனின் இரும்பில் தொடுகிறது. கடைசி பியூஸைப் பலி கொடுக்க எனக்குத் தைரியமில்லை. பியூஸ் செருகும் இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது.

"நான் உள்ளே ஒவ்வொரு வயரா ஆட்டறேன். தொட்டுக்கிட்டிருக்கறது விலகினா பல்பு அணையும். அணைஞ்சா கத்து."

சமையல் மேடை. இல்லை. அலமாரி. இல்லை.

"மணி ஆகுதுடா..."

"ஆகட்டும். பல்பைப் பாரு."

கட்டில் பலகைக்குப் பின்னால் கையை விட்டு இழுத்தேன்.

"அணைஞ்சுது! டேய், அணைஞ்சுது!"

அவள் துணிப்பையை எடுத்துவர வீட்டுக்குள் ஓடினாள். நான் பலகையைக் கழற்றினேன்.

நான் போட்ட வயரின் தோலைச் சீவி, யாரோ ஒரு மெல்லிய வயரை அதில் முறுக்கியிருந்தார்கள். சுற்றியிருந்தது கறுப்பு டேப்கூட இல்லை. பார்சல் ஒட்டும் பழுப்பு டேப். இரும்பில் உரசிக் கிழிந்திருந்தது.

அப்பாவுக்குப் பார்சல் ஆபீசில் பெட்டி ஒட்டுகிற வேலை. எங்கள் வீட்டு ரிமோட், குடை, என் செருப்பு எல்லாம் அந்த டேப்பில்தான் உயிர் வாழ்கின்றன.

நேராக வாசலுக்குப் போனேன்.

"நீங்கதானே?"

பேப்பர் இறங்கவில்லை.

"போகாதேன்னு வாயால சொல்லிப் பாத்தீங்க, அவ கேக்கலை. அதுக்காக வண்டியைக் கெடுப்பீங்களா? அவ வேலையே போயிருக்கும்!"

பேப்பர் இறங்கியது.

"அதனாலயா பியூஸ் போச்சு?"

"பின்னே?"

அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"அந்த வயரை வெட்டி எறிஞ்சிடு. அவகிட்ட சொல்லாதே. போகட்டும் அவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிங் பிளேயரோடு வேனுக்குள் ஏறி, அந்த மெல்லிய வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பலகைக்குப் பின்னால் போய், ஜன்னல் ஓரமாக ஏறி, அக்கா தலை வைக்கும் இடத்தில் முடிந்தது. திரையை விலக்கினேன்.

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நீல விளக்கு. அதுவும் பழுப்பு டேப்பில் ஒட்டியிருந்தது. எரிந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்தில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் தூங்க மட்டும் போதும்.

"என்னடா ஆச்சு, கண்டுபிடிச்சியா?" துணிப்பையோடு வந்து நின்றாள் அக்கா.

"ஜாயிண்ட் சரியில்லை. நகரு."

பிரித்து, அழுத்தி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, இரும்பில் படாதபடி தள்ளிக் கட்டினேன். பிரிட்ஜை மாட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி பியூஸைச் செருகினேன்.

பிரிட்ஜ் முனக ஆரம்பித்தது.

அவகிட்ட சொல்லாதே என்றார், சொல்லவில்லை. விளக்கின் மேலிருந்த பழுப்பு டேப்பை மட்டும் அப்படியே விட்டேன்.

வெட்டி எறிந்துவிடு என்றும் சொன்னார். அதைத்தான் செய்யவில்லை.