ஒப்பீட்டுக் குழு

முதல் கேள்விக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

'வேலை முடியும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றுகிறது.'

தினமும். அடிக்கடி. எப்போதாவது. ஒருபோதும் இல்லை.

நான்கு கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். இப்படி இருபது கேள்விகள்.

மணி மூன்றே கால். பக்கத்து நாற்காலி காலி. செண்பகவடிவு யோகாவுக்குப் போயிருந்தாள்.

செண்பகத்தின் மேஜையில் போன் அடித்தது. எழுந்து போய் எடுத்தாள். மறுமதிப்பீட்டு முடிவு எப்போதுதான் வரும் என்று யாரோ ஒரு தகப்பன் கத்தினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும் சார்."

வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இவளுடைய மேஜையில் போன் அடித்தது.

மூன்று மாதமாக இதே கதைதான்.

பல்கலைக்கழகத்துத் தேர்வுப் பிரிவு ஊழியர்கள் வேலையில் நொந்துபோயிருக்கிறார்கள், யோகாவும் தியானமும் அதைத் தீர்க்குமா என்று பார்க்க வேண்டும். உளவியல் துறை ஜெசிந்தா மேடத்தின் ஆராய்ச்சி இது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரைத் தினமும் மூன்று மணிக்கு யோகாவுக்கு அழைத்துக்கொண்டார். மீதிப் பேர் ஒப்பீட்டுக் குழு. இவர்கள் எதுவும் செய்ய வேண்டாம். வழக்கம்போல இருந்தால் போதும்.

வழக்கம்போலவாம்! எழுந்து போனவர்களின் வேலையை யார் பார்க்கிறார்களாம்?

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

நான்கு மணிக்குச் செண்பகம் திரும்பி வருவதைப் பார்க்கவே பிடிக்காது. முழங்கையில் பாயின் வரி பதிந்திருக்கும். தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முகம். கவுன்ட்டரில் பையன்கள் என்ன சத்தம் போட்டாலும், "இருங்கப்பா, பாப்போம்" என்பாள். போன வருடம் ஸ்டேப்ளரைத் தூக்கிச் சுவரில் எறிந்தவள்!

போன வாரம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னாள்.

"கோவமே வர மாட்டேங்கு யக்கா."

இவளுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து வந்தது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இவள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம்.

அடுத்த மூன்று மாதம் உங்கள் முறை என்று மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓட்டினாள்.

இன்று படிவத்தைக் கொடுக்கும்போது மேடம் இன்னொன்றும் சொன்னார்.

"மறைக்காமப் போடுங்கம்மா. உங்க கஷ்டம் தெரிஞ்சாத்தான் அவங்களுக்கு எவ்வளவு பலன்னு காட்ட முடியும்."

அப்படியா சங்கதி.

செண்பகம் நன்றாக இருக்கிறாள் என்று ஊருக்குக் காட்ட இவள் நாசமாகப் போயிருக்க வேண்டும். அதற்கு இவளே கையெழுத்தும் போட்டுத் தர வேண்டும்.

மாட்டாள்.

ஒருபோதும் இல்லை. டிக்.

'காலையில் எழும்போதே சோர்வாக இருக்கிறது.' ஒருபோதும் இல்லை.

'காரணமில்லாமல் அழுகை வருகிறது.' இல்லவே இல்லை.

'நன்றாகத் தூங்குகிறேன்.' தினமும்! இரண்டு தடவை அழுத்திப் போட்டாள்.

இருபதாவது கேள்வி முடிந்தபோது மனம் லேசாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை.

திங்கட்கிழமை மதியம் அறிவிப்புப் பலகையில் அடுத்த குழுவின் பட்டியலை ஒட்டினார்கள். ஹாலில் இருபது பாய்தான் விரிக்க முடியுமாம். அதனால் இந்தத் தடவை சீட்டு இல்லை, முறையும் இல்லை. படிவத்தின்படி இரண்டு குழுவிலும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் இடம்.

மேலிருந்து கீழே படித்தாள்.

கீழிருந்து மேலே படித்தாள்.

அவள் பெயர் இல்லை.

பதினெட்டாவதாகச் செண்பகவடிவு.

"எனக்கு இன்னும் முழுசாக் கொறையலையாம் யக்கா." செண்பகம் பின்னால் வந்து நின்றிருந்தாள். "இன்னொரு மூணு மாசம் வரச் சொல்லிட்டாங்க. கோவம் போயிட்டு, தூக்கம்தான் வர மாட்டேங்கு. வீட்டு நெலம உங்களுக்குத் தெரியாததா?"

இவளுக்குத் தெரியும். செண்பகத்தின் புருஷன் வீட்டுப் பக்கமே வராமல் ஐந்து மாதமாகிறது. இத்தனை நாளும் அது இவள் நினைவுக்கே வரவில்லை.

செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம் உங்களப் பத்தித்தான் பேசுதாங்க. ஒண்ணுமே செய்யாம இவங்க மட்டும் எப்படி இவ்வளவு நிம்மதியா இருக்காங்கன்னு. சத்தியமாச் சொல்லுதேன், எனக்குப் பொறாமையா இருக்கு யக்கா."

கேலி இல்லை. கண் கலங்கியிருந்தது.

மூன்று மணி. பிரிவுக்குள் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம்.

சொல்லிவிடலாம். மேடத்தின் அறை மாடியில்தான் இருக்கிறது. அத்தனையும் பொய் என்று ஒரே வார்த்தை. இன்னொரு படிவம் கேட்டால் தராமலா போய்விடுவார்?

"உங்களால மட்டும் எப்படி முடியுது? எனக்கும் சொல்லித் தாங்களேன்."

செண்பகம் கையை விடவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுவரை யாரும் இவளை இப்படிப் பார்த்ததில்லை.

"நேரமாச்சு, நீ கெளம்பு" என்றாள். "உன் போன நான் பாத்துக்கிடுதேன்."