புளித்த கோஸ் இல்லாத புத்தாண்டு

புத்தாண்டுக் காலையில் ஸ்லோ குக்கரைத் திறந்து பார்த்த மருமகள் டேனா திடுக்கிட்டாள். உள்ளே பன்றி இறைச்சி சாசேஜும் உருளைக்கிழங்கும் மட்டுமே இருந்தன.

“அத்தை, உப்புல ஊறிப் புளிச்ச கோஸ் எங்க? இன்னிக்கு அது வாயில படலேன்னா வருஷமே விளங்காதுன்னு பென்சில்வேனியா முழுக்கச் சொல்வாங்களே!”

“இந்த வருஷம் வாங்கல. விடு,” என்றாள் மாமியார் வெர்னா.

“பத்து நிமிஷத்துல நான் வாங்கிட்டு வந்துடறேன்.”

“ரோடெல்லாம் பனி உறைஞ்சு கிடக்கு. வேணாம்.”

டேனா சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தாள். கார் சாவி இல்லை. வெர்னாவின் கை மேலங்கிப் பைக்குள் இறுகியிருந்தது.

“சாவியைக்கூடவா ஒளிச்சு வைப்பீங்க? இந்த வீட்டுக்கு நான் வந்த முதல் புத்தாண்டு. என் கையால ஒண்ணும் சேரக்கூடாதா? மாமா இருந்திருந்தா இப்படி நடத்துவாரா?”

வெர்னா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“போன புத்தாண்டன்னிக்கு மாமா சிகரெட் வாங்கப் போனப்பதான் கார் சறுக்கிச்சுன்னு உன் புருஷன் சொல்லியிருப்பான்.”

“ஆமா.”

“நான்தான் அவன்கிட்ட அப்படிச் சொன்னேன். இன்னிக்கும் அந்த சிகரெட்டைத்தான் திட்டிக்கிட்டிருக்கான். ‘ஒரு வருஷம் கோஸ் இல்லாம சாப்பிட்டா செத்தா போயிடுவோம்’னு அவர் கெஞ்சினார். நான்தான் துரத்தி அனுப்பினேன். போலீஸ்காரர் கார்ல கிடந்த பையைக் கொண்டுவந்து கொடுத்தார். கோஸ் புட்டியில ஒரு கீறல்கூட இல்ல.”